தேக்கில் விழுந்த வெள்ளை வளையம்

“எடுத்த மரத்த எங்க வச்சிருக்காருன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்கக்கா. நான் திருப்பிக் குடுத்துருதேன்.”

சைதூன் பீவி மாமி இப்படிச் சொன்னதும், முத்துவடிவு அக்காவின் கையில் இருந்த காபி டம்ளர் வாய்க்கும் போகவில்லை, மேசைக்கும் போகவில்லை. தென்காசியில் எங்கள் துப்பறியும் ஆபீசுக்கு வருகிறவர்கள் அழுவார்கள், மண்ணை வாரித் தூற்றுவார்கள். ஒரு மனுஷன் நாற்காலியைத் தூக்கி என் மேலேயே எறிந்திருக்கிறான். போலீசில் ஏட்டம்மாவாக இருந்துவிட்டு வந்த அக்கா அதற்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை. ஆனால் தன் புருஷனை ஜெயிலுக்கு அனுப்பியவரிடமே வந்து, குரலை உயர்த்தாமல், திருட்டுப் பொருளைத் திருப்பிக் கொடுக்க வழி கேட்கிற பெண்ணை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. அவரிடம் சம்பளம் வாங்கும் முகம்மது ஆசிக்காகிய நானும் பார்த்ததில்லை.

ஆமாம், அனுப்பியது அக்காதான். இலத்தூர் செந்தில்வேல் அண்ணாச்சிக்கு ஐந்தருவி ரோட்டுக்கு மேலே ஒரு தேக்குத் தோப்பு உண்டு. மரம் முற்றிவிட்டது, வெட்டி விற்கலாம் என்று முடிவு செய்தார். வெட்டுவதற்கு முன்னால் உமா மகேஸ்வரி என்ற பெண் வந்து மரங்களை அளந்தாள். மரங்களின் வளர்ச்சியைக் கணக்காக எழுதுவதுதான் அவளுடைய ஆராய்ச்சி. மரத்தின் சுற்றளவை மட்டும் கம்ப்யூட்டரில் போட்டால் போதும். அது எவ்வளவு உயரம், மேலே போகப் போக எப்படிச் சிறுக்கும், எவ்வளவு கட்டை தேறும் என்று எல்லாவற்றையும் அவளுடைய ஃபார்முலா சொல்லிவிடும். பிறந்த நேரத்தை வைத்து ஜாதகம் எழுதுவது மாதிரி என்று நான் சொன்னதற்கு அவள் என்னை முறைத்தாள்.

ஜாதகம் சொன்ன அளவுக்குக் கட்டை வரவில்லை. ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. வெட்டியது மாமியின் புருஷன் சேக் மைதீன் மேஸ்திரி, லாரி ஓட்டியது அவருடைய மகன் முகம்மது ரபீக். அண்ணாச்சி அக்காவைக் கூப்பிட்டார். அடித்தடி எல்லாம் இருக்கிறது, நுனித்தடிகளைத்தான் காணோம், லோடு லாரி பல தடவை இலத்தூரில் நின்று தாமதமாகத்தான் டிப்போவுக்கு வந்திருக்கிறது என்று அக்கா அறிக்கை கொடுத்தார். போலீசார் மேஸ்திரியை அழைத்து அதைப் படித்துக் காட்டினார்கள். கேட்டு முடித்ததும் மேஸ்திரி, “நான்தான் எடுத்தேன்” என்றார். கேஸ் அத்தோடு முடிந்தது. அக்கா எனக்குப் புரோட்டா வாங்கிக் கொடுத்தார், நானும் வெட்கமில்லாமல் தின்றேன்.

“எங்க வித்தியன்னு நேத்து பாக்கப் போனப்ப கேட்டேன்” என்றார் மாமி. “மறந்துட்டேங்காரு.”

“தேக்க வித்துட்டு மறக்குததுக்கு அது என்ன குடையா மாமி?” என்றேன்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

“நாளைக்கு கோர்ட்டுல ஜட்ஜுக்கு முன்னாடியும் குத்தத்த ஒத்துக்கிடப் போறாராம். வக்கீல் வேண்டாங்காரு. பள்ளிவாசத் தெருவுல என்னால தல நிமிந்து நடக்க முடியலக்கா. மரத்தையாவது குடுத்துட்டா, செஞ்ச பாவத்துல பாதி கழியும்லா.” மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “நீங்க எழுதுனது பொய்யாவா இருக்கப் போவுது? அவரே ஆமான்னுட்டாரே.”

அவர் படியிறங்கிய பிறகும் அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். காபியில் ஆடை படிந்துவிட்டது.

“ஆசிக்கு, வித்த எடத்த ஒருத்தன் எப்பம்லே மறப்பான்?”

“விக்காதப்ப.”

“வண்டிய எடு” என்றார் அக்கா.

*

சாரல் விட்டுவிட்டு அடித்தது. குற்றால சீசனில் ஸ்கூட்டர் ஓட்டுகிறவன் முன்ஜென்மத்தில் ஏதோ செய்திருக்க வேண்டும். பின்னால் அக்கா ஒரே குடையை இருவருக்கும் பிடிக்கிறேன் என்று அடிக்கடி என் கண்ணை மறைத்தார். செங்கோட்டை ரோட்டில் இருக்கும் மர டிப்போவுக்குப் போய்ச் சேர்ந்தபோது நான் முழுக்க நனைந்திருந்தேன், அக்காவின் தலையில் இருந்த பூகூட நனையவில்லை.

தேக்குத் தடிகள் மலை மாதிரி அடுக்கிக் கிடந்தன. அடித்தடி ஒவ்வொன்றிலும் சுற்றிவர ஒரு வெள்ளை வளையம், அதன் பக்கத்தில் மர நம்பர். உமா அளந்த இடத்தில் போட்ட பெயிண்ட் அது. மேலே உள்ள துண்டுகளுக்கும் வெட்டும்போதே மேஸ்திரி அதே நம்பரைப் போட்டிருந்தார். எது எந்த மரத்துத் தடி என்பதில் குழப்பமே இல்லை.

“திருடப் போறவன் இம்புட்டு அழகா நம்பர் போடுவானாக்கா?”

அக்கா ஒவ்வொரு மரத்தின் கடைசித் துண்டாகத் தேடிப் போய், மெல்லிய முனையைக் குனிந்து பார்த்தார். ஒன்றைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார். நாலைந்துக்குப் பிறகு புடவை சகதியில் இழுபடுவதையும் கவனிக்காமல் வேகமாகப் பார்த்துக்கொண்டே போனார். பிறகு ஒரு தடியின் மேல் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

“என்னக்கா, தல சுத்துதா?”

“இங்கன பாரு. இது என்ன?”

பார்த்தேன். தடியின் மெல்லிய முனை இரண்டாகப் பிரியத் தொடங்கும் இடத்தில் அறுத்திருந்தார்கள். வெட்டு முகத்தில் இரண்டு வட்டங்கள் ஒட்டிக்கொண்டு கிடந்தன.

“கவட்டை” என்றேன். “கெள பிரியுத எடம்.”

“கவட்டைக்கு மேல என்ன இருக்கும்?”

“கெள இருக்கும், எல இருக்கும், காக்கா இருக்கும்.”

“தடி இருக்குமா?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நுனித்தடியை ஒருவன் வெட்டி எடுத்திருந்தால், மிச்சமிருக்கிற தடியின் முனை தடிமனாக இருக்க வேண்டும். கவட்டையும் நுனியோடு போயிருக்க வேண்டும். இங்கே ஒவ்வொரு மரமும் கவட்டை வரைக்கும் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தது.

“எல்லா மரமும் முழுசா இருக்குக்கா!”

“போன வாரமும் முழுசாத்தாம்லே இருந்துச்சு. இதே எடத்துல, இதே தடி. நான் இதப் பாக்கல. கம்ப்யூட்டர் பேப்பரப் பாத்தேன். அதுல இருந்த நீளத்துல இங்கன கெடக்க நீளத்தக் கழிச்சேன். மிச்சத்தத் திருட்டுன்னு எழுதுனேன். பத்து எட்டு நடந்து வந்து குனிஞ்சு பாக்க எனக்கு நோவு.”

அக்காவைத் திட்டுகிறவர்களோடு நான் சண்டைக்குப் போவேன். அக்காவே அக்காவைத் திட்டினால் யாரோடு சண்டை போடுவது?

அவர் எழுந்து அடித்தடிகள் பக்கம் போனார். வெட்டு முகத்தில் முழங்கையை ஊன்றி, பூக்காரி மல்லிகை அளக்கிற மாதிரி வெள்ளை வளையம் வரைக்கும் முழம் போட்டார்.

“தலைக்கு வைக்கவா?” என்றேன்.

“வாய மூடுலே. இந்த நம்பரு ரோட்டோரச் சமதரையில நின்ன மரம். வளையம் ரெண்டு முழத்துல வருது.” இன்னொரு தடிக்குப் போனார். “இது மேல மலைச் சரிவுல நின்ன மரம். வளையம் ஒரு முழங்கூட வரல.” அடுத்தது, அதற்கடுத்தது. சமதரை மரம் எல்லாம் ரெண்டு முழம். சரிவு மரம் எல்லாம் ஒரு முழத்துக்குள்ளே.

“கட்டை கொறஞ்சது எந்த மரத்துலக்கா?”

“பூராவும் சரிவு மரத்துல. சமதரை மரம் கணக்குக்குச் சரியா இருந்துச்சு.”

“அப்ப திருடன் ரோட்டோரத்துல லாரிக்குப் பக்கத்துல கெடந்தத விட்டுட்டு, சாரல்ல மலையேறி மேல உள்ளதா பாத்துத் திருடியிருக்கான். இம்புட்டு ஒழைப்பாளி திருட்டுத் தொழிலுக்கு ஏங்க்கா வாரான்?”

அக்கா சிரிக்கவில்லை. ஆனால் என் தலையில் லேசாகத் தட்டினார். அது பாராட்டு என்று இத்தனை நாள் பழக்கத்தில் எனக்குத் தெரியும்.

*

தோப்புக்கு உமா மகேஸ்வரியை வரச் சொல்லியிருந்தோம். சுந்தரபாண்டியபுரத்துப் பெண். ரெயின்கோட்டுக்குள் குளிரில் நடுங்குகிறாள் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, குளிர் இல்லை.

கேஸ் வந்ததும் வெட்டு நின்றுபோனதால் சரிவில் சில மரங்கள் இன்னும் நின்றன. அவற்றின் கீழ்ப்பக்கமாக ஓர் ஒற்றையடிப் பாதை போனது. வெள்ளை நம்பர்கள் எல்லாம் பாதையைப் பார்த்தே இருந்தன.

“இந்த மரத்த எனக்கு அளந்து காட்டு தாயி” என்றார் அக்கா.

உமா டேப்பை எடுத்தாள். “தரையிலேருந்து நாலரை அடிக்கு மேல அளப்போம் மேடம். மார்பளவு உயரம்னு பேரு. எல்லா ஃபார்முலாவும் அந்த உயரத்துச் சுற்றளவ வச்சுத்தான். ஒவ்வொரு தடவையும் குச்சி வச்சுப் பாக்க மாட்டோம். அவங்கவங்க உடம்புல அந்த உயரம் எங்க வருதுன்னு ஒரு தடவை பாத்து வச்சுக்குவோம். எனக்குத் தோள்பட்டை.”

பாதையில் நின்றபடியே தோள் உயரத்தில் டேப்பைச் சுற்றினாள். அது வெள்ளை வளையத்தின் மேல் அச்சாக உட்கார்ந்தது.

“சரி. இப்ப மரத்துக்கு மேல் பக்கம் ஏறி நின்னு அளந்து காட்டு.”

உமா அசையவில்லை. நான் வழி காட்டுகிறேன் என்று முன்னால் ஏறினேன். இரண்டு எட்டு வைத்ததும் சறுக்கி, உட்கார்ந்த வாக்கிலேயே பாதைக்குத் திரும்பி வந்தேன்.

“இதனாலதான் கீழ நின்னியா?” என்று அக்கா அவளைக் கேட்டார்.

அவள் வேர்களைப் பிடித்து மேலே ஏறினாள். மரத்தின் மேல் பக்கம் தரை உயர்ந்திருந்தது. அங்கே நின்றபோது அவளுடைய தோள் வெள்ளை வளையத்துக்கு நல்ல ஒரு முழம் மேலே இருந்தது. டேப்பைச் சுற்றினாள், படித்தாள். மறுபடி படித்தாள்.

“பத்துல ஒரு பங்கு கொறையுது” என்றாள்.

தேக்கு அடியில் பருத்து மேலே சிறுத்துப் போகும். சரிவில் கீழ்ப்பக்கம் நின்று அளந்தால் டேப் அந்தப் பருத்த இடத்தில் விழும். வெட்டுகிறவர்கள் மேல் பக்கத் தரையைப் பார்த்துத்தான் அறுப்பார்கள், அதனால்தான் டிப்போவில் சரிவு மரத்து வளையம் வெட்டு முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் வந்தது. கீழே நின்றவளுக்கு மரம் குண்டு, மேலே நின்றவளுக்கு மரம் ஒல்லி. மரம் என்னவோ ஒரே மரம்தான்.

“பத்துல ஒண்ணுதான? இதுக்காக் கட்டையில அஞ்சுல ஒண்ணு கொறையும்?” என்றேன்.

“தோசைக்கல்லுல பத்துல ஒரு பங்கு அகலங் கூட்டி ஊத்திப் பாரு” என்றார் அக்கா. “எம்புட்டு மாவு கூட இழுக்குன்னு தெரியும். தோசைக்கே அப்படின்னா மரத்துக்குக் கேக்கணுமா?”

உமா மேலேயே மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “சரிவுல மேல் பக்கம் நின்னுதான் அளக்கணும். அது முதல் வருஷப் பாடம் மேடம். நானே பசங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். ஃபார்முலாவுல தப்பில்ல. அதுக்கு நான் தப்பான எடத்துலேருந்து அளவு குடுத்தேன்.”

“தெரிஞ்சவ ஏன் செஞ்ச?”

“செந்தில்வேல் சார், வாங்க வர்றவங்க பாதையில நடந்துக்கிட்டே படிக்கணும், நம்பர் எல்லாம் பாதையப் பாத்து இருக்கணும்னாரு. பாதையில நின்னுதான் பெயிண்ட் அடிக்க முடியும். ஒரு கையில பெயிண்ட், ஒரு கையில டேப்பு. மழை. அப்படியே அளந்துட்டேன். ரெண்டு மரம் அளந்தப்புறம் அதுவே பழக்கமாப் போச்சு.”

“அந்த மனுஷன ஜெயில்ல வச்சப்புறமும் ஒனக்கு ஞாபகம் வரலையா?”

அவளுடைய முகம் கோணியது. நான் பார்க்கக் கூடாது என்று திரும்பிக்கொண்டேன். ஆனால் காதைத் திருப்ப முடியாதே.

“வந்துச்சு மேடம். கட்டை குறையுதுன்னதும் அன்னைக்கே வந்துச்சு. எங்கயோ தப்புப் பண்ணியிருக்கேன்னு தோணுச்சு. மறுநாள் வந்து திரும்ப அளந்துரணும்னு டேப்பெல்லாம் எடுத்து வச்சேன். அதுக்குள்ள அவரே ‘நான்தான் எடுத்தேன்’னு ஒத்துக்கிட்டாருன்னாங்க. அவரே சொன்னப்புறம் என் கணக்கு சரியாத்தான இருக்கணும்? அப்பாடான்னு இருந்துச்சு மேடம். ஒருத்தர் ஜெயிலுக்குப் போறாரு, எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு.”

அக்கா சேற்றில் கால் புதையப் புதைய ஏறிப் போய் அவள் தோளில் கை வைத்தார். இருவரும் சேர்ந்து அழுதுவிடுவார்களோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

“அவரு ஒத்துக்கிட்டாருன்னு நீ ஒன் கணக்க நம்புன” என்றார் அக்கா. “ஒன் கணக்க நம்பி நான் எழுதுனேன். நான் எழுதுனதக் கேட்டு அவரு ஒத்துக்கிட்டாரு. ஒருத்தரும் மரத்தப் பாக்கல தாயி. நாளைக்குக் கோர்ட்டுக்கு வருவியா?”

“வாரேன் மேடம். என் ஆராய்ச்சி என்ன ஆனாலும் வாரேன்.”

அக்கா அங்கிருந்தே செந்தில்வேல் அண்ணாச்சிக்குப் போன் போட்டார். அண்ணாச்சி கத்தியது ஸ்பீக்கர் இல்லாமலே எனக்குக் கேட்டது. “என்னம்மா இது? திருடுனவனே ஒத்துக்கிட்டான், நீங்க மரத்துக்கு வக்காலத்து வாங்குதிய! எடுக்கலைன்னா எடுத்தேன்னு எவனாவது சொல்லுவானா?”

“அதத்தான் அண்ணாச்சி இப்பக் கேக்கப் போறேன்” என்று போனை வைத்தார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். “திருடு போகாத மரத்த ஒருத்தரு ஏம்லே எடுத்தேன்னு சொல்லணும்?”

“அடிச்சிருப்பாங்களோ?”

“அடிக்கல. நான் விசாரிச்சுட்டேன். அறிக்கையப் படிச்சு முடிச்சதும் ஒத்துக்கிட்டாரு. அதுல எந்த வரியக் கேட்டு ஒத்துக்கிட்டாரு?”

நான் யோசித்தேன். அறிக்கையை டைப் அடித்தவனே நான்தான். லாரி பல தடவை இலத்தூரில் நின்றது. அந்த வரிதான். லாரியை ஓட்டியது ரபீக்.

*

ரபீக் இலத்தூருக்கு ரோடு பிரியும் விலக்கில் லாரியை நிறுத்திவிட்டு டயரில் சாய்ந்து நின்றிருந்தான். லோடு இல்லை. வாப்பா உள்ளே போனதிலிருந்து யாரும் அவனுக்கு லோடு கொடுப்பதில்லை. எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“இன்னும் எழுத என்ன பாக்கி இருக்கு?” என்றான்.

“ஒண்ணு பாக்கி” என்றார் அக்கா. “லோட வச்சுக்கிட்டு இங்கன ஏன் நின்ன?”

அவன் டயரைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“சொல்லித் தொலலே” என்றேன். “நாளைக்கு ஒங்க வாப்பா குத்தவாளின்னு முத்திர வாங்கிருவாரு.”

“விசா ஏஜெண்டு இங்கன ஊருக்குள்ள இருக்காரு” என்றான் ரபீக். “துபாய்க்கு டிரைவர் வேலை. அவர ராத்திரி பாக்க முடியாது, லோடு போற நேரத்துலதான் பாக்கணும். வாப்பாவுக்குத் தெரியக் கூடாது. அவரு அந்தப் பாலைவனத்துலயே பாதி ஆயுசக் கழிச்ச மனுஷன். நான் பொறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போனதப் பூரா போட்டோவுலதான் பாத்தாரு. ‘நீ மட்டும் போயிராதலே’ன்னு ஒண்ணுதான் என்கிட்ட கேட்டுக்கிட்டாரு. நானும் தலையாட்டிட்டு, திருட்டுத்தனமா விசாவுக்கு அலைஞ்சேன்.”

“வாப்பா மரம் எடுத்தாருன்னு நம்புதியா?”

“எனக்காக எடுத்திருப்பாரு. நான் இங்கனயே இருக்கணும்னு சொந்த லாரி வாங்கித் தாரேன் வாங்கித் தாரேன்னுக்கிட்டே இருந்தாரு. அதுக்குத்தான் எடுத்திருப்பாரு. என்னால கெட்டாரு. அதான் ஒரு தடவ கூடப் போய்ப் பாக்கல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பாக்க?”

அக்கா ஸ்கூட்டரின் ஈரச் சீட்டைத் துடைத்தார்.

“வண்டியில ஏறுலே” என்றார். “மூணு பேரும் போவம்.”

குடையை ரபீக்கின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வந்தார். இந்தத் தடவை நனைந்தது அவர்.

*

கிளைச் சிறையில் பார்வை நேரம் முடிய இருந்தது. அக்காவின் பழைய போலீஸ் பழக்கத்தில் உள்ளே விட்டார்கள். ரபீக்கை வாசல் தூணுக்குப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு அக்கா கம்பிக்குப் பக்கத்தில் போனார்.

சேக் மைதீன் மேஸ்திரி தாடி சவரம் செய்யாமல் இன்னும் மெலிந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் கும்பிட்டார். அதுவே அக்காவுக்கு அடி மாதிரி விழுந்தது.

“மேஸ்திரி, மரத்த எடுத்தது யாரு?”

“நான்தாம்மா. எத்தன தடவ சொல்லுதது?”

“நுனித்தடி எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

“டிப்போவுல ஒவ்வொரு மரமும் கவட்டை வரைக்கும் இருக்கு மேஸ்திரி. நீங்கதான வெட்டுனிய? நீங்க போட்ட நம்பர்தான?”

மேஸ்திரி கம்பியை எட்டிப் பிடித்தார். ஆயுசு முழுக்க மரம் வெட்டியவருக்குக் கவட்டை என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. அவரும் போலீஸ் படித்த பேப்பரைத்தான் கேட்டாரே தவிர, தான் வெட்டிய மரத்தை நினைத்துப் பார்க்கவே இல்லை. மகன் ஓட்டிய லாரி வந்த வரியில் அவருக்கு மரமும் தெரியவில்லை, மண்ணும் தெரியவில்லை.

“அந்தப் பொண்ணு சரிவுல கீழ நின்னு அளந்துட்டா” என்றார் அக்கா. “ஃபார்முலா இல்லாத கட்டையச் சொல்லிருச்சு. நான் ஒரு மடச்சி, அதத் திருட்டுன்னு எழுதிட்டேன். மரம் எங்கயும் போகல. யாரும் எடுக்கல. நாளைக்குக் கோர்ட்டுல என் அறிக்கை தப்புன்னு நானே சொல்லுவேன். நீங்க ஒத்துக்கிடாம மட்டும் இருங்க. உங்க கால்ல விழுந்து கேக்கேன்.”

“யாருமே எடுக்கலியா?”

“யாருமே.”

“அவனுமா?”

“அவனுந்தான்.”

விடுதலை என்றால் மனுஷன் சிரிப்பான் என்று நினைத்திருந்தேன். மேஸ்திரி கம்பியைப் பிடித்தபடி மெல்ல மெல்லக் கீழே உட்கார்ந்தார். ஜெயிலுக்குள் போனபோது நிமிர்ந்து போனவராம். இப்போதுதான் அவர் தலை தொங்கியது.

“ரபீக்கு எடுத்துட்டான்னு நெனச்சேம்மா. இலத்தூர்ல வண்டி நின்னுச்சுன்னு படிச்சாவ. அங்கன அவனுக்கு என்ன சோலி? எறக்கிட்டான்னு முடிவே பண்ணிட்டேன். புள்ள மாட்டக் கூடாதுன்னு முந்திக்கிட்டேன். ஏம்லே செஞ்சன்னு அவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டேனா? கேக்கல. பெத்த வாயால ஒரு வார்த்த கேக்கல!”

தூணுக்குப் பின்னால் விம்மல் கேட்டது. ரபீக் ஓடி வந்து கம்பிக்கு இந்தப் பக்கம் மண்டியிட்டான்.

“வாப்பா, நானும் ஒங்களத்தான் நெனச்சேன்.”

“என்னையா?”

“எனக்கு லாரி வாங்க நீங்கதான் எடுத்தியன்னு நெனச்சேன் வாப்பா. உம்மாகிட்டயும் நான்தான் சொன்னேன். உம்மாவும் நம்பிட்டாவ.”

மேஸ்திரி கம்பிக்குள் கையை விட்டு அவன் தலையைத் தொட்டார். வார்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பார்க்காதவர் மாதிரி திரும்பிக்கொண்டார்.

“அப்ப இலத்தூர்ல ஏம்லே நின்ன?” என்றார் மேஸ்திரி.

அந்தக் கேள்வி வரக் கூடாது என்று நான் அல்லாவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். ரபீக் அக்காவைப் பார்த்தான். அக்கா தரையைப் பார்த்தார். எப்படியும் அவன்தான் சொல்லியாக வேண்டும்.

“விசா வாங்க வாப்பா. துபாய்க்கு.”

கை அவன் தலையிலிருந்து விலகவில்லை. ஆனால் தடவிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது.

“கிழிச்சுப் போட்டுருதேன் வாப்பா. நான் போகல. ஒங்க மேல சத்தியமாப் போகல.”

“இல்லலே, போ” என்றார் மேஸ்திரி. “போகாதன்னு சொல்ல எனக்கு இனி வாய் இருக்கா? பெத்த புள்ளயத் திருடன்னு நெனச்ச வாயி.”

“வாப்பா!”

“போயிட்டு வா மக்கா. ஆனா தெனமும் போன் போடு. சந்தேகம் வந்தா நான் இனி கேட்டுக்கிடணும்லா.”

நேரமாகிவிட்டது என்றார் வார்டர்.

வெளியே சாரல் ஓய்ந்திருந்தது. ரபீக் உம்மாவுக்குப் போன் போடத் தள்ளிப் போனான். அக்கா ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று புடவைச் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கேஸ் ஜெயித்தால் எனக்குப் புரோட்டா வாங்கித் தருவது வழக்கம். அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

“ஏதாவது சொல்லுலே ஆசிக்கு” என்றார். “எப்பவும் எதையாவது ஒளறுவியே.”

எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். ஒன்றுமே வரவில்லை. வண்டியைக் கிளப்பினேன்.